ஒரு குடம் முன்னால் போகட்டும்

முகத்துவாரம் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பது பழவேற்காட்டில் இன்றைக்குத்தான் தெரியும். நேற்றைய வழியை நம்பிப் படகை விட்டால் மணல்திட்டில் ஏறிவிடும். அடுத்த அலை புரட்டிப் போட்டுவிடும். கடல் ஏறி ஏறி ஊர் தீவாகிப் போய், சென்னையைக் காப்பாற்ற அரசாங்கம் பெருஞ்சுவர் எழுப்பிய பிறகு, ஏரியும் கடலும் சேருகிற அந்த வாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் வடக்கே இருக்கும். மத்தியானம் பார்த்தால் தெற்கே போயிருக்கும்.

அதனால் தண்ணீருக்கடியில் மணல் கம்பங்கள் நட்டிருந்தார்கள். மணல் எங்கே குவிகிறது, எங்கே கரைகிறது என்று அவை தொட்டுப் பார்த்துச் சொல்லும். சொன்ன சேதி தீவின் டவரிலிருந்து கடலைத் தாண்டிச் சுவருக்குப் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய எந்திரம் கணக்குப் போட்டு, உள்ளே வர வழி இதுதான் என்று செயற்கைக்கோள் மூலமாகப் படகுகளுக்குச் சொல்லும். மொத்தமும் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை நம்பித்தான் தீவின் படகுகள் அத்தனையும் கடலுக்குப் போய்வந்தன.

தீவுக்கும் சுவருக்கும் நடுவே லைனும் ஒன்றே ஒன்றுதான். வயர் கிடையாது, காற்றில் போகிற லைன். மழை வலுத்தால் அது மெலிந்துபோகும். போவதும் வருவதும் அதே ஒற்றையடிப் பாதை. மணல் கணக்கு அதில்தான் போக வேண்டும். சென்னையில் உட்கார்ந்தபடி டாக்டர் ஆட்டுகிற எந்திரக்கை, இங்கே கிளினிக்கில் அசைவதும் அதனால்தான். பிள்ளைகளின் பாடம், சினிமா, கிரிக்கெட், மாமியார் பார்க்கிற சீரியல், மருமகள் பார்க்கிற சீரியல் எல்லாமே அதில்தான்.

அந்த லைனுக்குப் பொறுப்பு ஜெசிந்தா. நாற்பத்தாறு வயது, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, கொஞ்சம் வாய் ஜாஸ்தி. கணவன் இல்லை. ஒரே மகள் அன்சிலா, சொந்தப் படகு ஓட்டுகிறவள். அன்சிலாவின் படகில் ஒரு கேமராவை மாட்டி, செயற்கைக்கோள் வழியாகப் போய் அதே லைனில் திரும்பி வருகிற அதன் படத்தை டவர் ரூம் சுவரில் நாள் முழுக்க ஓடவிட்டிருந்தாள் ஜெசிந்தா. மகள் வலை இழுப்பது, டீ குடிப்பது, ஆட்களைத் திட்டுவது எல்லாம் அதில் தெரியும். “பெத்த வயிறு, கேக்க மாட்டேங்குது” என்று, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.

முன்பெல்லாம் லைனை ஒரு கம்பெனிப் பெட்டி பார்த்துக்கொண்டது. அதற்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். தீவில் லாபமில்லை என்று கம்பெனி கழன்றுகொண்டது. கொஞ்ச நாளில் பெட்டியும் படுத்துக்கொண்டது. அப்போதுதான் ஜெசிந்தா படகேறிச் சுவருக்குப் போய், லினக்ஸையும் அதோடு மலைபோலப் பாடங்களையும் இறக்கிக்கொண்டு வந்தாள். திறந்த மென்பொருள், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், கெடுக்கவும் செய்யலாம். எந்தச் சேதி எந்த வழியாகப் போக வேண்டும், நெரிசலில் எது முன்னால், எது பின்னால் என்று உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து யார் யாரோ எழுதி வைத்திருந்ததை எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தாள்.

படித்ததும் வந்துவிட்டதா? வரவில்லை. ஒரு கட்டளையை மாற்றிப் போட, சேதியெல்லாம் போன வழியே திரும்பி வந்து, வந்த வழியே திரும்பிப் போய், செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பித்தது. தீவு முழுக்க லைன் செத்தது. அதுவும் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தின் நடுவில். அன்றைக்கு அவள் வாங்கிய வசவை எழுதினால் காகிதம் தாங்காது. ஆனாலும் அவள் விடவில்லை. கெடுத்தாள், சரி பண்ணினாள், மறுபடி கெடுத்தாள். ஒருநாள் லைன் அறுபடாமல் நிலைத்து நின்றது. சுவர் முனையிலும் அதே மாதிரி ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டு வந்தாள். தீவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அந்தத் தெம்பில்தான் அவள் ஒரு தப்புச் செய்தாள்.

நெரிசல் வந்தால் அவசரமானது முன்னால் போக வேண்டுமில்லையா? அதற்காக ‘அவசரக் குறி’ என்று ஒன்றை உண்டாக்கினாள். கிளினிக்கின் கருவிகளுக்கும் மணல் கம்பங்களுக்கும் படகுகளுக்கும் அந்தக் குறி. குறி இருக்கிற சேதி முன்னால் போகும், இல்லாதது காத்திருக்கும். நல்ல திட்டம்தான். ஆனால் நம்ம ஊரில் செய்கிற திட்டமா அது? ஒரு காலத்தில் மெட்ராஸில் கருவாடு ஏற்றுகிற வண்டியிலும் ‘பிரஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களாம். அந்த வம்சம்தானே இதுவும்! குறி போடுவது ஒன்றும் கம்ப சூத்திரமில்லை, கருவியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். டியூஷன் அவசரமாயிற்று. நிச்சயதார்த்த வீடியோ அவசரமாயிற்று. தீவுக் கமிட்டித் தலைவர் நிஜாமுதீன் பாய் வீட்டுக் கிரிக்கெட் அவசரமாயிற்று. தீவில் அவசரம் இல்லாதவர்கள் என்று பார்த்தால் கல்லறையில் படுத்திருப்பவர்கள் மட்டும்தான். ஜெசிந்தா பூட்டுப் போட்டாள். ஊர் சாவி செய்தது. கிளினிக்கே கூட ஒழுங்கில்லை. அங்கிருந்த ஸ்கேன் மிஷின் பழைய படங்களையெல்லாம் தலைமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது, அதுவும் அவசரக் குறியோடு.

எல்லோரும் முன்னால் நின்றால் வரிசை எங்கே இருக்கும்?

விடை தண்ணீர்ப் படகில் வந்தது. தீவில் குடிதண்ணீர் கிடையாது. காலையில் ஒரு படகு வந்து, படகுகள் அணைகிற ஜெட்டியில் குழாயைத் திறந்துவிடும். அன்றைக்கும் வழக்கம்போல வரிசை, வழக்கம்போலச் சண்டை. வரிசையில் முதலில் நின்ற ஸ்டெல்லா, டிரம், குடம், பக்கெட் என்று ஒரு பட்டாளத்தையே இறக்கி வைத்திருந்தாள். கிளினிக் நர்ஸ் சற்குணம் ஒரே ஒரு குடத்தோடு ஓடி வந்தாள்.

“ஒத்த குடம்தான்க்கா, புடிச்சிக்கினு போயிடறேன்.”

“போ சிஸ்டர், போ” என்று ஸ்டெல்லாவே வழி விட்டாள். சற்குணம் பிடித்துக்கொண்டு போனாள். பிறகு ஸ்டெல்லா ஒரு குடம், அடுத்த வீடு ஒரு குடம், அதற்கடுத்த வீடு ஒரு குடம், மறுபடி ஸ்டெல்லா ஒரு குடம் என்று சுற்று வந்தது. ஸ்டெல்லா தன் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு குடத்தைக் கொடுத்து நடுவில் நுழைக்கப் பார்த்தாள். “ஏய், அதெல்லாம் ஒரே வூடுதான், பின்னால வா” என்று வரிசையே ஒரு குரலில் சொன்னது.

ஜெசிந்தா அப்படியே நின்றுவிட்டாள். இந்தத் தண்ணீர் குடிக்கவா, குளிக்கவா, நாய்க்கு ஊற்றவா என்று இங்கே யாராவது கேட்கிறார்களா? கேட்பதில்லை. எதற்கு என்று கேட்டால் எல்லோரும் குடிக்கத்தான் என்பார்கள். அதனால் குடத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஒரு குடக்காரி முன்னால் போய்விடுகிறாள், அவளால் யாருக்கும் நஷ்டமில்லை. பல குடக்காரிக்கும் தண்ணீர் உண்டு, சுற்று முறையில்.

“யம்மா ஜெசிந்தா! கொடம் ரொம்பி வழியுது, கண்ணு எங்க கீது உனக்கு?” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் டவர் ரூமுக்கு ஓடினாள். தேடிப் பார்த்தால், அடக் கடவுளே, கிட்டத்தட்ட இதே முறையை எப்போதோ யாரோ எழுதி அந்தத் திறந்த மென்பொருளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்! சட்டம் போடுகிற வெறியில் அவள்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள். ஒரே ஒரு குறை. அது ஒவ்வொரு தொடர்பையும் ஓர் ஆளாக எண்ணியது. பல தொடர்பைத் திறந்து வைக்கிற வீடு, ஸ்டெல்லா பிள்ளைகளை நுழைத்த மாதிரி நுழைந்துவிடும். ஜெசிந்தா அதை வீட்டுக்கு ஒரு வரிசை என்று எண்ணும்படி மாற்றினாள். கிளினிக்கில் கருவிக்கு ஒரு வரிசை. ஒரு சுற்றில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்ற அளவுக்கு ‘குடம்’ என்றே பெயர் வைத்தாள்.

கமிட்டியில் கொண்டுபோய்ச் சொன்னால், நிஜாமுதீன் பாய் ஒத்துக்கொள்ளவில்லை.

“கிளினிக்கும் எதிர்வூட்டு சினிமாவும் ஒண்ணா? இன்னாம்மா நாயம் இது? அவசரத்துக்கு மரியாதை வேணாவா?”

“அவசரம்னு அல்லாருமே சொல்றாங்க பாய். உங்க வூட்டு கிரிக்கெட்டும் அவசரம்தான்.”

கூட்டம் சிரித்தது. பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அவர் மருமகள் ஷகிலா நிறைமாதக் கர்ப்பிணி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, எந்திரக்கை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “புள்ள பொறக்கட்டும், அப்புறம் எத்த வேணா மாத்து” என்று முடித்துவிட்டார். சற்குணமும் அவர் பக்கம்தான்.

புயல் கமிட்டியைக் கேட்டுக்கொண்டா வரும்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வானம் இருண்டது. வராது என்று சொன்ன காற்று வந்தது. மழை இறங்க இறங்க லைன் மெலிந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள், வீட்டுக்கு வந்த பிள்ளைகள் படம் போட்டார்கள், பெரியவர்கள் புயல் செய்தி போட்டார்கள். எல்லாவற்றிலும் அவசரக் குறி. கடலில் பதினோரு படகுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. அன்சிலாவின் படகு கடைசியில்.

ஜெசிந்தா மணல் கம்பங்களைப் பார்த்தாள். அவை சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் சொன்னது எதுவும் சுவரை எட்டவில்லை. வரிசையில் எங்கோ பின்னால் நெரிபட்டுக் கிடந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு சற்குணம் வந்தாள், நனைந்த கோழி மாதிரி. பின்னாலேயே நிஜாமுதீன் பாய்.

“யக்கா, ஷகிலாவுக்கு வலி கண்டுடுச்சு. டாக்டரம்மா ஆரம்பிக்கலாம்னு கைய வெச்சாங்க, கை நடுங்குது. வுட்டு வுட்டு அசையுது. அந்தக் கைல கத்திய எப்பிடிக்கா குடுக்கறது?”

“அல்லாத்தையும் நிறுத்தும்மா!” என்று பாய் அலறினார். “கிளினிக் ஒண்ணு மட்டும் போட்டும். உன் கால்ல வேணா வுழறேன்.”

“கிளினிக் மட்டும்னா மணல் கணக்கு போவாது பாய். வெளிய பதினோரு படகு கீது. என் பொண்ணு கீறா.”

“அதுக்கு? என் மருமவ சாவணுமா? ஒரு வூட்ல ரெண்டு உசுரு!”

யாருடைய உயிர் முன்னால், யாருடையது பின்னால் என்று அந்தச் சின்ன அறையில் இரண்டு பெற்ற வயிறுகள் முட்டிக்கொண்டு நின்றன. அவர் பெற்றது மகனைத்தான், ஆனாலும் வயிறு வயிறுதானே. அப்போதுதான் ஜெசிந்தாவுக்குத் தண்ணீர்ப் படகு ஞாபகம் வந்தது.

“பாய், இத்த கேளுங்க. டாக்டரம்மா கைய இப்பிடி அசை, அப்பிடி அசைன்னு சொல்ற சேதி எம்மாத்துண்டு தெரிமா? ஒரு கொடம். மணல் கம்பம் சொல்றதும் ஒரு கொடம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதவே இல்ல. மறிக்கிறது வேற, நூறு கொடம் வெச்சிக்கினு முன்னால நிக்கிறவன். கிளினிக்கோட ஸ்கேன் மிஷினும் அதுல ஒரு ஆளு.”

“எவன் அவன்? பேர சொல்லு, போயி வயர புடுங்கறேன்.”

உங்கள் வீட்டுக் கிரிக்கெட்தான் என்று சொல்லக் காத்திருந்தவள் மாதிரிதான் அவள் திரையைத் திருப்பினாள். லைனை அதிகமாகக் குடிக்கிற வீடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. பாய் வீடு மேலே இல்லை. ஸ்கேன் மிஷினும் இல்லை. எல்லோருக்கும் மேலே, வேறு யாரும் கிட்டே நெருங்க முடியாத உயரத்தில் இருந்தது ஜெசிந்தாவின் பெயர்.

அறைச் சுவரில் ஓடிய படத்தில் அன்சிலா சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழையில் முடி முகத்தில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு துளியும் தெரிகிற அளவுக்குத் தெளிவான படம். சீசன் தொடக்கத்தில் ஜெசிந்தாவே அதற்கு அவசரக் குறி போட்டிருந்தாள். படகுக்குத்தானே குறி, இதுவும் படகுதானே என்று மனசுக்குள் ஒரு சமாதானம். ஊர் ஸ்டிக்கரையெல்லாம் கிழித்துக்கொண்டு திரிந்தவள் வண்டியில்தான் பெரிய ஸ்டிக்கர். ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான்.

பாயும் அதைப் படித்துவிட்டார். ஆனால் படிக்காதவர் மாதிரி நனைந்த சட்டையைப் பிழிய ஆரம்பித்தார். அவர் மனுஷர்.

கமிட்டி தள்ளிவைத்த புது முறையை இப்போதே போட்டால் இந்தப் படம் போய்விடும். மற்ற வீடுகளைப் போல இதுவும் சுற்றில் நின்று ஒரு குடம், ஒரு குடமாகத்தான் வரும். மகள் திட்டில் ஏறினாளா, தப்பினாளா என்று தெரியாது. அவள் விரல்கள் தாமாகவே ஒரு வரியைத் தட்டின: இந்த ஒரு கேமராவுக்கு மட்டும் விலக்கு. ஒன்றுதானே. யாருக்குத் தெரியப்போகிறது? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்.

படத்தில் அன்சிலா வழி காட்டும் கருவியை உள்ளங்கையால் தட்டினாள். அதில் பழைய வழியே நின்றுகொண்டிருந்தது. அவள் கேமராவைப் பார்த்து என்னவோ கேட்டாள். சத்தம் வரவில்லை, ஆனால் வாயசைவு அம்மாவுக்குப் புரிந்தது. “வழி எங்கம்மா?”

ஜெசிந்தா அந்த வரியை அழித்தாள். சிலுவை போட்டுக்கொண்டு கட்டளையை அமுக்கினாள். அன்சிலாவின் முகம் பாதியில் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே உறைந்தது.

தீவெங்கும் சினிமாக்கள் திக்கின. கிரிக்கெட் பந்து பாதி வழியில் நின்றது. கிளினிக்கிலிருந்து ஸ்பீக்கரில் சென்னை டாக்டர் மீனலோசனியின் குரல் மட்டும் வந்தது.

“படம் கொஞ்சம் மங்கலா இருக்கு. பரவாயில்ல, கை நடுக்கம் நின்னுடுச்சு. சற்குணம் எங்கே? கத்தி வேணும்!”

சற்குணம் மழையில் பறந்தாள். பாய் போகவில்லை. போக நினைத்தவர், ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

“ஒன்னோட பொண்ணு வர்ற வரிக்கும் நான் இங்கியே கீறேம்மா.”

மணல் கம்பங்களின் சேதி சுவருக்குப் போய்விட்டது. அது மட்டும் தெரிந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. மழைச் சத்தமும், அறைச் சுவரில் அந்தப் பாதி முகமும்தான். ஜெசிந்தா ஜெபம் சொன்னாள். வார்த்தை மறந்து மறந்து ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பாய் உதடு அசையாமல் ஓதினார்.

பிறகு திரையில் ஒரு படகின் பெயரோடு ஒரு வரி வந்தது. ‘சகாயமாதா. வழி கிடைத்தது.’ கீழேயே இன்னொன்று. ‘பிஸ்மில்லா. வழி கிடைத்தது.’ ஒன்று, இன்னொன்று, மேலும் ஒன்று. ஒவ்வொரு படகும் ஒரு குடத்தோடு ஓடி வந்து, நெரிசலைத் தாண்டி முன்னால் நின்று, சொல்லிவிட்டுப் போனது. பாய் சத்தமாக எண்ணினார். பத்தில் வந்து நின்றது.

நின்றேவிட்டது. வராதது அன்சிலாவின் படகு.

அப்போது ஸ்பீக்கர் வீறிட்டது. பச்சைக் குழந்தையின் அழுகை, தீவே காதைப் பொத்துகிற மாதிரி. பின்னாலேயே சற்குணத்தின் குரல்: “ரெண்டு உசுரும் நல்லா கீது பாய்!” பாய் “யா அல்லா!” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே திரையைப் பார்த்துக் கையை நீட்டினார். ஜெசிந்தா திரும்பினாள்.

‘அன்சிலா. வழி கிடைத்தது. வந்துக்கினே கீறேன். அழாத.’

அழாதே என்றால் கேட்கிற ஜென்மமா அது! ஓவென்று அழுதாள், சிரித்தாள், பாயின் தொப்பியைப் பிடித்து உலுக்கினாள். ஜெட்டியில் சங்கு ஊதியது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நேற்று வழியே இல்லாத இடத்தில் வழி கண்டு உள்ளே வந்தன. கொட்டுகிற மழையில் ஊரே ஜெட்டியில் நின்றது. பட்டாசு நனைந்துபோனதால் ஸ்டெல்லா குடத்தைத் தட்டினாள். எல்லோரும் குடத்தைத் தட்டினார்கள். அன்றைக்குத் தீவு போட்ட சத்தத்தில் புயலே கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கும்.

அவசரக் குறியை மறுநாளே எடுத்துவிட்டார்கள். ஜெசிந்தா தன் மாற்றத்தை உலகத்துக்கே பொதுவில் போட்டாள். அந்த மென்பொருளைப் பராமரிக்கிற நார்வேக்காரி இங்கிரித் எழுதிக் கேட்டாள்: “இது வேலை செய்கிறது. ஆனால் ‘குடம்’ என்றால் என்ன? புரிகிற பெயராக மாற்றலாமா?” ஜெசிந்தா தண்ணீர்ப் படகின் கதையை எழுதினாள். பதில் ஒரு வரியில் வந்தது: “பெயர் அப்படியே இருக்கட்டும்.” இன்று எந்தெந்த நாட்டிலோ, எந்தெந்தக் கப்பலிலோ, நிலவுக்குப் போகிற லைனிலும்கூட, நெரிசல் வந்தால் வீட்டுக்கு ஒரு குடம்தான் ஊற்றுகிறார்கள்.

நிஜாமுதீன் பாய் பேரனின் முதல் பிறந்தநாளை உலகெங்கும் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டு, “இந்த ஒரு நாளைக்கு மட்டும்...” என்று இழுத்தார். ஜெசிந்தா பார்த்த பார்வையில், “சரி சரி, வரிசையிலயே வர்றேன்” என்று போய்விட்டார்.

கேமராவை அன்சிலா கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டாள். “இனிமே படம் வாணாம்மா. வேணும்னா ஒரு வார்த்த அனுப்பறேன்.” ஜெசிந்தா அன்றைக்கே சுவர்த்திரையை இறக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

இப்போது சாயங்காலமானால் தீவு மொத்தமும் சீரியலில் உட்காரும். லைன் மூச்சுத் திணறும். அந்த நேரம் பார்த்து எங்கோ கடலிலிருந்து ஒரு சின்னச் சேதி கிளம்பும். அத்தனை சீரியலும் ஒதுங்கி அதற்கு வழி விடும்.

‘அம்மா, உள்ள நுழஞ்சிட்டேன். சோறு போடு.’